ஓங்கிலையும் நீர்க்காகத்தையும் காதால் பிரிப்பவர்

கழிமுகத்துக்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தலையை ஒருபக்கம் சாய்த்துத் தண்ணீரின் ஓசையைக் கேட்கிறார் படகோட்டி அக்கா. அந்த நேரத்தில் யார் வாயைத் திறந்தாலும் முறைப்புதான். தும்மலுக்கும் மன்னிப்பு கிடையாது.

வயது ஐம்பத்திரண்டு. முழுக்கைச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு ஸ்பார்க் பிளக். எங்கள் உயிரினக் கணக்கெடுப்புக் குழுவுக்கு இருபது வருடமாகப் படகு ஓட்டுகிறார். தாளில் குறிப்பது என் வேலை.

கூன்முதுகு ஓங்கில் என்னும் டால்பினையும் நீர்க்காகத்தையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். தூரத்தில் இரண்டுமே எழுந்து மூழ்கும் கறுப்புப் புள்ளிகள். அக்காவுக்கு அந்தக் குழப்பமே இல்லை.

"ரெண்டும் ஒரே மீனுக்குத்தான் அலையுது. ஆனா நீர்க்காகம் கழுத்தை மட்டும் நீட்டும். ஓங்கில் முதுகை வளைச்சுக் காட்டும். அது தின்னுட்டு, துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரிச்சுக்கிட்டுக் கம்பத்துல நிக்கும். இதுக்கு அந்தச் சொகுசெல்லாம் ஏது? புள்ளகுட்டியோட போய்க்கிட்டே இருக்கும்."

சென்ற மாதம் கழிமுகத்தைத் தோண்டி ஆழப்படுத்த ஒரு நிறுவனத்தார் அனுமதி கேட்டிருந்தார்கள். ஓங்கில் இல்லையென்றால் தோண்டலாம். பார்த்து அறிக்கை தர வந்த நிபுணர், மூடுபனிக்குள் நான்கு புள்ளிகளைக் கண்டு, "நீர்க்காகம், நாலு" என்றார். என் பேனா தாளைத் தொடுவதற்குள் அக்கா இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

"எழுதாதீங்க தம்பி. சார், கொஞ்சம் கேளுங்க."

"இந்தப் பனியில என்னம்மா கேக்கும்?"

"பனி கண்ணைத்தானே சார் மறைக்கும்?"

'புஸ்' என்று ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. அக்கா விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். நான்காவதற்குப் பின் சின்னதாக, அவசரமாக ஒன்று.

"அது குட்டி. பறவை இப்படி மூச்சு விடாது சார்."

பனி விலகியபோது, தாயின் விலாவை ஒட்டிக் குட்டி புரண்டது. நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓங்கில், அஞ்சு. எழுதுங்க" என்றார். 'எங்கள் அக்கா!' என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. முறைப்புக்குப் பயந்து எழுதினேன்.

அந்த ஐந்தை வைத்துத்தான் பிறகு அதிகாரிகள் அனுமதியை மறுத்தார்கள்.

அன்று கரையேறியதும், அறிக்கையில் 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் அக்காவைக் கையெழுத்திடச் சொன்னார் நிபுணர். பதவி என்ற இடத்தில் 'கள ஆய்வாளர்' என்று அவரே மரியாதையாக நிரப்பியிருந்தார். அக்கா நிதானமாகப் படித்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு, அந்தப் பதவிக்குப் பக்கத்தில் 'படகோட்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் அடியில் அழுத்தி இரண்டு கோடு இழுத்தார்.