வோ த மாமா

உலகத்தில் என் மாமாவை மாமா என்று கூப்பிடும் உரிமை எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. அவருக்கு ஒரே அக்கா, என் அம்மா. அம்மாவுக்கு ஒரே பிள்ளை, நான். இந்த ஏகபோகத்தை நான் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. எதிர்வீட்டுப் பையன் பந்து எடுக்க வந்த இடத்தில் அவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டான் என்பதற்காக, கோடை விடுமுறை முழுக்க அவனோடு காய் விட்டிருந்தேன்.

மாமா முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போய்வந்தார். செல்போனுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அங்கே புது மெஷின்களை ஓட்டப் பழக்குவதற்காகச் சீனாவிலிருந்து ஒரு பெண் இன்ஜினீயர் வந்தார். அவரோடு வேலை செய்ய வேண்டி மாமா சீனமொழி படிக்க ஆரம்பித்தார். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் என்னை உட்காரவைத்துத் திருநீர்மலைக்குக் கூட்டிப்போவார். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் மேடம் அப்படி, மேடம் இப்படி. முகம்கூடப் பார்த்திராத அந்த மேடத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு வழியில்லாமல் நானும் சீனமொழி படித்தேன். மாமா பக்கத்தில் உட்கார அது ஒன்றுதான் வழி. முதல் பாடம் 'நீ ஹாவ்'. வணக்கம் என்று அர்த்தம், ஆனால் அதில் வரும் நீ நம்முடைய நீயேதான் என்றார் மாமா. சீனாக்காரர்கள் நம்மிடம் கடன் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது 'வோ த'. என்னுடைய என்று பொருள். எனக்காகவே செய்துவைத்த வார்த்தை. பென்சில், சைக்கிள், ஃபிரிட்ஜில் இருந்த கடைசி மைசூர்பாகு என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு வோ த, வோ த என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் சீனப் படிப்பு அத்தோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடத்தை மாமா சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அம்மா தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கிவந்து வறுத்திருந்தாள். நான் வாசலில் தயாராக நின்றேன். அம்மா என் காதோடு, "பெரியவங்கள போய் நீன்னு சொல்லிவைக்காத. மரியாதையா கூப்பிடு" என்றாள். அதனால் கையைக் கூப்பி, "நீங்க ஹாவ்" என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார். என் சீனத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது மேடத்தின் போனில் வீடியோ கால் வந்தது. சோபாவில் அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மாமா. திரையில் என் வயதுப் பெண் ஒருத்தி, இரட்டைப் பின்னலோடு. எங்களைப் பார்த்ததும் அவள் கத்தினாள்.

"மாமா! மாமா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெட்கமே இல்லாமல் அவளுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆக, இத்தனை நாளும் மொட்டைமாடியில் நடந்தது இதுதான். எனக்குத் தெரியாமல் சீனாவில் ஒருத்தி அவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வயிறு எரிந்தது. போதாததற்கு அவளுக்கு என்னைவிட நீளமான முடி.

மேடத்தின் மடிமேல் எக்கி, போனுக்கு நேராக முகத்தை நீட்டினேன். அவளுக்கு நன்றாகப் புரியட்டும் என்று அவள் மொழியிலேயே சொன்னேன்: "வோ த மாமா!"

அவள் திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள். பிறகு அவளும் அதையே சொன்னாள். "வோ த மாமா!" நான் விடவில்லை. அவளும் விடவில்லை. "ஏய், சும்மா இருடி" என்று மாமா என் வாயைப் பொத்துவதற்குள் அவள் முகம் கோணி, ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். மேடம் தாழ்ந்த குரலில் அவளிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை. வீடியோ கால் துண்டிக்கப்பட்டுவிட்டது. ஜெயித்த களிப்பில் நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என் தலையைக் காட்டி மாமாவிடம் ஏதோ கேட்டார்.

"உனக்குத் தல பின்னிவிடட்டுமான்னு கேக்குறாங்க."

தோற்றவர்கள்தானே சமாதானத்துக்கு வருவார்கள். பெருந்தன்மையோடு தலையைக் கொடுத்தேன். சீப்பு வேண்டாம் என்று விரலாலேயே வகிடு எடுத்து இரட்டைப் பின்னல் போட்டார். முடித்ததும் அவிழ்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பின்னி ரிப்பன் கட்டினார். பின்னத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கொண்டுவந்து வைத்த பாயசம் ஆறிப்போய்க் கிடந்தது.

கம்பெனி கார் அவரை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண்ணைப் போலவே இருந்தேன். ரிப்பன் இரண்டையும் உருவி எறிந்தேன்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, சீனத்துல மாமான்னா அம்மாடி! அவ அவங்க அம்மாவ கூப்பிட்டா. நீ போய் என் அம்மான்னு சண்ட போட்டுட்டு இருக்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"அப்போ அவ உன்ன கூப்பிடலியா?"

"என்ன எதுக்குடி கூப்பிடப்போறா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்றோடு சீனமொழியை விட்டுவிட்டேன். அதற்கான தேவை தீர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் திருநீர்மலைக்குப் போகும்போதும் மாமா இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் மாமா எனக்கே இருந்தார். மேடம் ஏன் அந்தப் பின்னலை அவிழ்த்து மறுபடியும் போட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.