வாயாடிப் பொடியும் என் மராத்தி நோட்டும்

என்னுடைய ஐந்தாம் வகுப்பு மராத்தி நோட்டு இன்னும் என் கைக்குத் திரும்பி வரவில்லை. ஒரு டிரேட்மார்க் வழக்கில் சாட்சியாகப் போனது. போனது போனதுதான். அதில் நான் எழுதியிருந்த மராத்தியைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் திருப்பிக் கேட்கச் சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அப்போது நாங்கள் மராத்தி பேசும் ஊரில், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா லோகோ ஷெட்டில் ஃபிட்டர். அம்மா வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்றாள். அந்தப் பொடிக்கு 'வாயாடி' என்று பெயர். அது வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் பொடிக்கு வைத்துவிட்டார்கள். லேபிளில் இரட்டைச் சடையோடு வாயைப் பிளந்துகொண்டு ஒரு பெண் நிற்பாள். அதுவும் நான்தானாம்.

முதல் தடவை லேபிள் அச்சடித்தபோது அச்சகத்துக்காரர் போன் நம்பரில் ஓர் எண்ணை விழுங்கிவிட்டார். வெட்டாத பெரிய பெரிய தாள்களாக ஒரு கட்டு, ஒன்பது எண்களோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். அம்மா அதில் என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டாள். வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்தாவது போட்டிருக்கலாம். அழுக்காகிவிடுமாம். பளபளப்பான அச்சுப் பக்கம்தான் வெளியே. ஒவ்வொரு நோட்டின் மேலும் ஆறு வாயாடிகள் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

"ப்ரவுன் பேப்பர்தான் போடணும்னு மிஸ் சொல்றாங்கம்மா."

"இது ஆர்ட் பேப்பர்டி. தண்ணி பட்டாக்கூட தொடச்சிக்கலாம். ஒங்க மிஸ்ஸோட ப்ரவுன் பேப்பரு தாங்குமா?"

வகுப்பில் என் பெயரே எல்லோருக்கும் மறந்துபோனது. "ஏ இட்லி" என்று கூப்பிட்டால் நான் திரும்ப வேண்டியிருந்தது. மராத்தி மிஸ் மட்டும் விடவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால், 'இட்லிப் பொடி விளம்பரத்தை எடுத்துவிட்டு ப்ரவுன் அட்டை போடவும், பெற்றோர் கையெழுத்து தேவை' என்று மராத்தியில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

இதை அம்மாவிடம் காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அட்டையை மாற்ற மாட்டாள். நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, தனக்குத் தெரிந்த இந்தியில் ஆர்ட் பேப்பரின் பெருமைகளை மிஸ்ஸுக்கு விளக்குவாள். போகும்போது ஒரு பாக்கெட் பொடியும் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த அவமானத்துக்குப் பயந்து அம்மாவின் கையெழுத்தை நானே போட்டேன். மிஸ் மறுபடி எழுதினார், நானும் மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை போட்டபோது மாட்டிக்கொள்வேன் என்று தோன்றிவிட்டது. நோட்டு தொலைந்துவிட்டது என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, அதைக் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் செருகினேன்.

மூன்று வருஷம் அது அங்கேயே கிடந்தது.

அதற்குள் பொடி விமான் நகர் வரைக்கும் போய்விட்டது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் அங்கே நிறைய. ஒரு மளிகைக் கடைக்காரர் மட்டுமே எங்கள் பொடியில் பாதியை எடுத்துக்கொண்டார். பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று அம்மா ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஒவ்வொரு முறையும் தீபாவளி போகட்டும் என்பார், பொங்கல் போகட்டும் என்பார், ஷெட்டில் இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்பார். "ஒரு பொடிக்குப் போயி ரிஜிஸ்டரா? இத எவன் திருடப் போறான்?" என்று சிரிப்பார்.

விமான் நகர் கடைக்காரர் திருடினார். 'வாயாடி' என்ற பெயருக்கும் வாய் பிளந்த பெண்ணுக்கும் தன் பெயரில் மனுப் போட்டுவிட்டு, இரண்டு வருஷமாக அந்தப் பெயரில் தானே வியாபாரம் செய்வதாகவும், அம்மா அந்தப் பெயரில் விற்பதை உடனே நிறுத்த வேண்டும் என்றும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். வாயாடி என்றால் என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

கேம்ப் ஏரியாவில் ஒரு மராத்திக்கார வக்கீல் அம்மாவைப் பிடித்தோம். அவர் சொன்னது எளிமையாகத்தான் இருந்தது. கடைக்காரருக்கு முன்னாலேயே அம்மா இந்தப் பெயரில் விற்றாள் என்பதற்குத் தேதி போட்ட காகிதம் ஏதாவது வேண்டும். அச்சக பில், ஆர்டர் எழுதிய நோட்டு, பழைய பாக்கெட், எதுவானாலும் சரி. அது இருந்தால் கடைக்காரர் மனுவை எதிர்க்கலாம். இல்லாவிட்டால் பெயர் அவருக்குப் போய்விடும்.

அம்மா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் தேதி போட்ட காகிதம் தங்காது. காரணம், போகி. காலனிக்குள் எதையும் கொளுத்தக் கூடாது என்பதால், அப்பா வருஷா வருஷம் போகியன்று விடியற்காலையில் எழுந்து, வீட்டிலிருக்கும் பழைய காகிதம் முழுவதையும் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் ரத்தி என்கிற பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார். பழையன கழிந்தால்தான் குடும்பம் விளங்கும் என்பது அவர் கட்சி. அச்சக பில், ஆர்டர் நோட்டு, மிச்சமிருந்த ஒன்பது எண் லேபிள் என எல்லாம் மூன்று போகிகளில் விளங்கிவிட்டன.

"வூட்ட சுத்தம் பண்றன், சுத்தம் பண்றன்னு பீத்திக்கினு இருந்தீங்களே! என் பேரயும் சேத்து எடைக்கிப் போட்டுட்டு வந்துக்கிறீங்க!"

அப்பா ஷெட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, வேறு பெயர் வைத்துக்கொண்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். அவர் அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? ஒனக்கே வேற பேரு வச்சிடலாமாம்."

அன்றிலிருந்து வீட்டில் உளுந்து வறுபடும் வாசனையே இல்லை. அம்மா வாணலியை எடுக்கவில்லை. எதையாவது சொல்லித் திட்டிக்கொண்டே இருப்பவள் திட்டவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நான்காம் நாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "அந்த லேபுள்லதானே ஒன் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டன்? ஒண்ணுகூடவா இல்ல?" என்றாள்.

எல்லாம் போகிக்குப் போய்விட்டது என்றேன். மறுநாள் மத்தியானம் அவள் இல்லாத நேரம் பார்த்து நோட்டை வெளியே இழுத்தேன். பாச்சை அரித்திருந்தாலும் ஆறு வாயாடிகளும் பத்திரமாக இருந்தார்கள். என் திருட்டுக் கையெழுத்துகளை மட்டும் கிழித்துவிடலாம் என்று பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் மேலேயே மிஸ் போட்ட தேதி ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் நோட்டை அப்படியே அம்மாவின் மடியில் போட்டேன்.

அவள் அட்டையைத் தடவிப் பார்த்தாள். முதல் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நோட்டை ஒரு துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் அம்மா நோட்டைப் பார்த்ததும் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைப் படித்தார். சிரிப்பு நின்றது. கடைக்காரர் சொன்ன கணக்குக்கு ஒரு வருஷம் முந்திய தேதி. அதிலும் ஒரு டீச்சர் தன் கைப்பட 'இட்லிப் பொடி விளம்பரம்' என்று எழுதித் திட்டியிருக்கிறார். அந்த மிஸ்ஸிடம் ஒரு கடிதமும் வாங்கிவிட்டால் போதும் என்றார். பிறகு பக்கத்தை அம்மாவிடம் திருப்பி இந்தியில் கேட்டார்.

"கீழ இருக்கிற மூணு கையெழுத்தும் உங்களோடதுதானே? அதையும் பிரமாணப் பத்திரத்துல சேத்துட்டா இன்னும் பலம்."

அப்பா அவசரமாக அம்மாவின் முழங்கையை இடித்து, "ஆமான்னு சொல்லு" என்று தமிழில் முணுமுணுத்தார். நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நஹி மேடம்," என்றாள் அம்மா. "என் கையெழுத்து இல்ல. இவ போட்டது."

அங்கே இருந்த குமாஸ்தா உள்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது வரைக்கும் சுட்டது. வக்கீல் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி, மிஸ்ஸின் எழுத்தை மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்.

ஆட்டோவில் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா கொறஞ்சா போயிடும்?"

"நான் போடாத கையெழுத்த என்துன்னு சத்தியம் பண்ணச் சொல்றீங்களா? அப்பறம் அந்தக் கடைக்காரனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?"

கடைக்காரரோடு அவள் என்னைச் சேர்த்துப் பேசுவதாகத்தான் எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன். நானாகக் கொண்டுவந்து கொடுத்த நோட்டை வைத்துக்கொண்டு என்னையே ஊர் முன்னால் திருடியாக்கிவிட்டாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெயர் கடைசியில் அம்மாவுக்குத்தான் கிடைத்தது. கிடைப்பதற்குள் நான் கல்லூரிக்கே போய்விட்டேன். அத்தனை வாய்தா, அத்தனை தாமதம். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் நான் ஆட்டோவில் அழுதுகொண்டு வந்த அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. கோர்படி பஜாரில் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். ஸ்டேஷனரி கடைக்குள் போய் ப்ரவுன் பேப்பர் ஒரு முழுச் சுருளும், பெயர் எழுதும் லேபிள்களும் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். என் எட்டாம் வகுப்பு நோட்டுகள் அத்தனையிலும் இருந்த பழைய அட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூலை மடித்து, புது அட்டை போட்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. முடிந்ததும் லேபிள்களை என் பக்கம் தள்ளி, "ஒன் பேர நீயே எழுது" என்றாள்.

இதுவும் ஒரு தண்டனை என்று நினைத்து, ஒவ்வொரு லேபிளிலும் என் பெயரை வேண்டுமென்றே கோணலாக எழுதிவைத்தேன்.