டீசல் ஊற்றி வாங்கிய தங்க அட்டை

விமான டிக்கெட் போடுகிறவள் விமானத்தில் போயிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கும் டிராவல்ஸில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் பறந்தது ஒரே தடவை, கோயம்புத்தூருக்கு, அதுவும் முதலாளி மகன் கல்யாணத்துக்கு. ஆனால் எந்த விமானத்தில் எந்த வரிசையில் கால் நீட்டலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தான் அனுபவிக்காத சௌகரியத்தை அடுத்தவருக்கு விளக்கி விளக்கி நாக்கு வறண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நகைக்கடையில், வங்கியில், கார் ஷோரூமில். நாமெல்லாம் ஒரே ஜாதி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பிஸ்கட் டப்பா

எங்கள் வாடிக்கையில் பாதிப் பேர் கப்பலில் வேலை செய்கிறவர்கள். கப்பல் எங்கே நிற்கிறதோ அங்கே போய் ஏற ஒரு விமானம், ஒப்பந்தம் முடிந்தால் இறங்கி வர ஒரு விமானம். கோயில் தெரு அந்தோணி அப்படிப் பதினைந்து வருஷம் உலகத்தைச் சுற்றியவர். ஒரு நாள் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தார். அத்தனையும் பழைய போர்டிங் பாஸ். பலவற்றில் எழுத்தே மங்கிப் போயிருந்தது. பறந்த தூரத்துக்கு மைல் என்று ஒன்று கொடுப்பார்களாமே, சேர்ந்தால் அதிலேயே டிக்கெட் எடுக்கலாமாமே, சம்சாரத்தை ஒரு தடவை கோவாவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கப்பல்காரர்களுக்குக் கம்பெனி எடுப்பது தனி ரக டிக்கெட். பெட்டி அதிகம் கொண்டுபோகலாம், கடைசி நிமிஷத்தில் மாற்றலாம், ஆனால் பெரும்பாலும் மைல் வராது. வந்திருந்தாலும் இத்தனை வருஷம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். அவர் பாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தி மூடினார். எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்.

"அப்போ நான் பறந்தது எதுவுமே கணக்குல இல்லியா மேடம்?"

ஏறாத பஸ்ஸின் பாஸ்

அதே மாதம் கஸ்தூரியக்கா வந்தாள். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் விடுகிறவள். அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம். அவள் கையில் இருந்த கவரில் தங்க நிறத்தில் ஓர் அட்டை, ஒரு விமானக் கம்பெனி அனுப்பியது, அவள் பெயர் போட்டது. வாழ்நாளில் விமானப் படியில் கால் வைக்காதவள் அவள். எவனோ தன் பேரில் மோசடி செய்கிறான் என்று முடிவுகட்டி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க நுழைந்திருந்தாள்.

கேள்விமேல் கேள்வி கேட்டதில் விஷயம் பிடிபட்டது. காசிமேட்டில் ஏலம் விடுகிறவர்கள்தான் விசைப்படகு கடலுக்குப் போகுமுன் டீசலுக்கும் ஐஸுக்கும் முன்பணம் போடுவார்கள். படகு திரும்பியதும் மீன் அவர்களிடமே ஏலத்துக்கு வரும், போட்ட பணம் அதில் கழியும். கஸ்தூரியக்கா இப்படி ஆறு படகுகளுக்குப் போடுகிறாள். வங்கியிலிருந்து யாரோ வந்து தலையில் கட்டிவிட்டுப் போன ஒரு கார்டில் பங்க்கில் தேய்ப்பது அவள் வழக்கம். அது அந்த விமானக் கம்பெனியோடு சேர்ந்த கார்டு. பல கார்டுகள் டீசலுக்கு மைல் தராது, இது தந்திருக்கிறது. ஒரு வருஷத்தில் தேய்த்தது ஓர் எல்லையைத் தாண்டியதும், பறந்தாளா இல்லையா என்றுகூடக் கேட்காமல் தங்க உறுப்பினராக்கிவிட்டார்கள். எனக்கு அந்தோணியின் டப்பா ஞாபகம் வந்தது. அக்காவுக்கோ சந்தேகம் தீரவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏறாத பஸ்ஸுக்கு எவனாவது பாஸ் குடுப்பானாம்மே? இதுல இன்னாவோ கீது."

நடுக்கடலுக்கு டிக்கெட் இல்லை

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். இந்த அட்டையை வைத்து சிங்கப்பூர் போகலாமா என்றாள். மகனைப் பார்க்க வேண்டுமாம்.

மகன் பாபுவை எனக்குத் தெரியும். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பா மாரடைப்பில் போனபோது பாபு நடுக்கடலில் இருந்தான். அன்று அந்த வீட்டிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, அவனை வரவழைத்துக் கொடு என்று. நடுக்கடலில் நிற்கிறவனுக்கு நான் எங்கிருந்து டிக்கெட் போடுவேன்? சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். அதன்பிறகு பாபு ஊருக்கே வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் பம்பாயில் இறங்குவான், லாட்ஜில் தங்குவான், அடுத்த கப்பலில் ஏறிவிடுவான். இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. போனில் நன்றாக இருக்கிறேன் என்பான், அதோடு வைத்துவிடுவான். அவன் கப்பல் ஜூன் முதல் வாரத்தில் சிங்கப்பூர் வருகிறது, சில மணி நேரம் வெளியே போக அனுமதி கிடைக்கும் என்று கூட வேலை செய்கிறவன் சொல்லியிருக்கிறான்.

மைல் போதும் என்று பார்த்துச் சொன்னேன். ஆனால் சரக்குக் கப்பலின் தேதி முகூர்த்தத் தேதி இல்லை, வழுக்கிக்கொண்டே போகும். தங்க உறுப்பினராக இருந்தால் மைல் டிக்கெட்டின் தேதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் செலவில்லாமல் மாற்றலாம், கடைசி நேரத்திலும் இடம் கிடைக்கும். அட்டை இருக்கும்வரை பயமில்லை என்றேன். அக்கா அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அவன் வரமாட்றான். அதான் நான் போறேன். யாராவது ஒருத்தர் போவணும் இல்ல?"

பெயின்ட்

பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கவனித்தேன். விமானக் கம்பெனியின் கணக்கு வருஷப்படி அக்காவின் தங்கத்துக்கு மே மாதக் கடைசியோடு ஆயுள் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் அதற்குள் கார்டில் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். வேறு மாதமாக இருந்தால் பத்து நாள் டீசல் போதும். ஆனால் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை மீன்பிடித் தடைக்காலம். ஒரு விசைப்படகும் நகராது, ஒரு சொட்டு டீசலும் போகாது. இதை முதலிலேயே நான் பார்த்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு இப்படிக் கோட்டைவிட்டேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

கோபத்தோடு ஹார்பருக்கு நடந்தேன். அங்கே போனால் தடைக்காலத்தில் என்ன நடக்குமோ அதுதான் நடந்துகொண்டிருந்தது. படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி, ஓட்டை அடைத்து, பெயின்ட் அடிக்கிறார்கள். இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். புது வலை, புதுக் கயிறு. ஆறு படகுக்காரர்களையும் நிற்கவைத்து, கை கூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்: வாங்குவதை எல்லாம் அக்கா கார்டில் வாங்குங்கள், பணத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். பாபு விஷயம் அவர்களுக்குத் தெரியும். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. சொன்னதற்கு மேலேயே செய்தார்கள். வாங்கிய பெயின்ட் படகுக்குப் போக மிஞ்சி, அந்த வருஷம் இரண்டு தெருவில் வீட்டுக் கதவெல்லாம் படகு நீலத்தில் நின்றன. மே இருபத்தெட்டாம் தேதி எல்லை தாண்டியது. படகுக்காரர் ஏழுமலைக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை.

"எங்க லாஞ்சுக்கு பெயின்ட் அடிச்சா அக்காவோட ஏரோபிளேன் பறக்குமா? இன்னாம்மா கணக்கு இது!"

நிஜமான ஆள்

ஜூன் முதல் வாரம் என்றது மூன்றாம் வாரமானது. சீனாவில் எங்கோ சரக்கு ஏறத் தாமதம். மாற்றினேன். மூன்றாம் வாரம் கடைசி வாரமானது. மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் அக்கா சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. ஏலத்தில் அவள் குரல் கம்மியிருந்தது என்று சொன்னார்கள். எனக்கு அது கவலையாக இருந்தது.

மூன்றாவது தடவை விமானக் கம்பெனி ஹெல்ப்லைனைக் கூப்பிட்டபோது, இரண்டாவது தடவை மாற்றிக் கொடுத்த அதே பெண்தான் எடுத்தாள். ரகசியம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள். இவ்வளவு பெரிய உறுப்பினர், இதுவரை ஒரு பயணம்கூட இல்லை, இத்தனை மாற்றம்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. கஸ்தூரிங்கறவங்க நிஜமாவே இருக்காங்களா?"

லவுஞ்ச்

நிஜமாகவே ஜூலை முதல் வாரத்தில் கிளம்பினாள். தங்கத்துக்குப் பெட்டி எடை கூடுதலாக உண்டு என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் கொண்டுபோகிறேன் என்று நின்றாள். ஒரு மணி நேரம் சண்டை போட்டு அதைத் தடுத்தேன். விமான நிலையத்தில் தனி வரிசை, லவுஞ்ச் என்கிற தனி ஓய்வறை என்று எழுதிக் கொடுத்து, தயங்காமல் அட்டையைக் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

லவுஞ்சிலிருந்து போன் செய்தாள். ஏலக் குரல் இல்லை, கிசுகிசுவென்று பேசினாள். அங்கே இருப்பவர்களின் செருப்பையும் தன் செருப்பையும் பார்த்திருக்க வேண்டும். சாப்பாடு எல்லாம் இலவசம்தானா என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம், நன்றாகச் சாப்பிடு அக்கா என்றேன். தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. எனக்கு இங்கே கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"இம்மாம் சோறு கீது, அல்லாரும் போனையே பாத்துகினு கீறாங்கோ. ஒரு டப்பால போட்டு பாபுக்கு எடுத்துகினு போவட்டுமாம்மே?"

தேதி

திரும்பி வந்த மறுநாள், ஏலம் முடிந்து கைகூடக் கழுவாமல் கடைக்கு வந்தாள். மகனைப் பார்த்தது மூன்று மணி நேரம். சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இளைத்துவிட்டானாம், முன்தலையில் முடி போய்விட்டதாம். ரொம்ப நேரம் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னானாம்: அப்பாவுக்குக் கொள்ளி வைக்காதவன், எந்த முகத்தோடு ஹார்பரில் நடப்பேன்? அக்கா அவனிடம் கேட்டிருக்கிறாள், நம்ம ஹார்பர்ல கடலுக்கு போன எத்தினி பேரு பொணமே கெடைக்கல, அவங்க புள்ளைங்கல்லாம் நடக்கலியாடா? அவன் இன்னொரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டானாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி.

மிச்ச மைலை எடு என்றாள். பம்பாயிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், பாபு பேரில். வருகிறேன் என்றானா என்று கேட்டேன். சொல்லவில்லையாம், வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். ஒப்பந்தம் எப்போது முடிகிறது? அதுவும் தெரியாது. தேதி இல்லாமல் எப்படி அக்கா டிக்கெட் போடுவது என்றேன். எனக்குப் பாடம் சொல்பவள்போல மேஜைமேல் குனிந்தாள்.

"எதுனா ஒரு தேதிய போடும்மே. மாத்தறதுக்குத்தான் துட்டு கேக்கமாட்டானே. அவன் வர்ற வரிக்கும் மாத்திகினே இரு."

இதுவரை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். பறக்காமலே தங்க அட்டை வாங்குவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு டீசல், பெயின்ட் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறேன், அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களை மட்டும் பாபுவின் பம்பாய் விமானம் இறங்கும்வரை உட்காரச் சொல்கிறேன்.