சப்பாத்துக்குள் திணித்த காகிதம்

நான் ஓட்டக்காரனாக வாழ்ந்தது சரியாக ஒரு வருடம். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த ஒரு வருடத்தில் என்னை முந்தாதவர்கள் யார் என்று பார்த்தால், பரிசு மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மட்டும்தான். அவர்களும் எழுந்து ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

என்னை ஓட வைத்தவர் அப்பா. மலேசியாவில், கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவருக்கு வேலை. உண்மையில் எங்கள் வீட்டில் ஓடத் தெரிந்தது அக்காவுக்குத்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மாவட்டத்துக்காக ஜொகூர் பாரு வரை போய் ஓடிவிட்டு வந்தவள். அதற்கென்று அப்பாவே ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்து வாங்கித் தந்திருந்தார். வெள்ளை நிறம், பக்கவாட்டில் ரோஸ் நிறக் கோடு. அவள் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போன வருடம் சடங்கு நடந்தது. வந்த பலகாரம் தீர்வதற்குள் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இனிமே காச்சட்டைய போட்டுக்கிட்டு ஓடுறதெல்லாம் வேணாம். தம்பி ஓடட்டும். ஒரே ரத்தம்தானே?"

ரத்தம் ஒன்றுதான். கால்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அக்காவின் சப்பாத்து எனக்கு வந்தது. எனக்கு அது இரண்டு அளவு பெரிது. முனையில் நாளிதழைச் சுருட்டித் திணித்து, "இப்ப போட்டுப் பாரு" என்று நீட்டினாள் அக்கா. ரோஸ் கோடு ஆம்பளைப் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா அதன்மேல், பள்ளிச் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளை மையை மூன்று தடவை பூசிவிட்டார். இப்படியாக, கால் விரல்களில் தலைப்புச் செய்திகளோடு நான் விளையாட்டுத் துறைக்குள் நுழைந்தேன்.

முதலாவது, பள்ளிக் குறுக்கோட்டம். மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்து வழியாக ஓடும்போது ஒரு வாத்து என்னைத் துரத்தியது. என் வாழ்க்கையிலேயே நான் மிக வேகமாக ஓடியது அன்றுதான். ஆனால் எதிர்த்திசையில். இரண்டாவது, விளையாட்டு விழா அஞ்சல் ஓட்டம். சிவப்பு இல்லத்துக்காக ஓடிய நான் கோலைக் கொண்டுபோய் நீல இல்லத்துப் பையனிடம் கொடுத்தேன். அந்த மடையனும் வாங்கிக்கொண்டு ஓடினான். மூன்றாவது, மூவார் ஆற்றோரத்தில் நடந்த ஓட்டம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா பூசிய வெள்ளை கரைந்து, ரோஸ் கோடு பளிச்சென்று வெளியே வந்தது.

"டேய், அக்கா சப்பாத்து லா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு காலால் இன்னொரு காலை மறைத்துக்கொண்டு ஓட முடியுமா என்று முயன்று பார்த்தேன். முடியாது.

வீடு திரும்பும்போது அப்பா மூவாரிலிருந்து பாதி தூரம் வரை கார் வானொலியையே திருகிக்கொண்டு வந்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்தது நம்ம ஆலைக்குப் பக்கத்துல. என் கூட வேல செய்றவங்க எல்லாம் வருவாங்க. சொல்லி வச்சிருக்கேன். பதக்கம் இல்லன்னா வீட்டுப் பக்கம் வராத." பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். நான் முழுதாக எடுத்துக்கொண்டேன். என் துணிகள் எத்தனை பைகளில் அடங்கும் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

அந்த நாளும் வந்தது. திடலில் தொடங்கி, செம்மண் பாதையில் திரும்பி, செம்பனைக் காட்டுக்குள் போய், கடைசி முனையில் கொடுக்கும் பச்சை ரப்பர் வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு அதே பாதையில் திரும்பி வர வேண்டும். வளையம் இல்லாதவனுக்குப் பரிசு இல்லை. அப்பா முடிவுக் கோட்டருகில் தன் கூட்டாளிகளோடு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அக்காவைத் தண்ணீர்ப் போத்தலோடு முதல் வளைவில் போய் நிற்கச் சொன்னார்.

அந்த வளைவைத் தொடும்போதே எனக்கு இடுப்பில் குத்தல். பையன்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். வெட்டிப் போட்ட மட்டைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அதன் பின்னால் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

"எந்திரிடா. அப்பா பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"முடியலக்கா. நான் வீட்டுக்கு வரல. எங்கயாச்சும் போயிடுறேன்."

அக்கா பாதையைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"கழட்டு."

"என்னது?"

"சப்பாத்த. சட்டையும். சீக்கிரம்."

எண் குத்திய என் சட்டையைத் தன் சட்டைமேலேயே மாட்டிக்கொண்டாள். சடையைச் சுருட்டி என் தொப்பிக்குள் செருகினாள். சப்பாத்துக்குள் கைவிட்டுக் காகிதத்தை உருவி என் கையில் கொடுத்தாள். "இத பத்திரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய சிலிப்பரைப் போட்டுக்கொண்டு, பனியனோடு, இரண்டு காகித உருண்டைகளுக்குக் காவலாக நான் உட்கார்ந்திருந்தேன். எறும்பு கடித்தது. அவளிடம் கொடுத்துவிட்ட தண்ணீரை நானே குடித்துத் தீர்த்தேன்.

பிறகு காலடிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு பையன்கள் போனார்கள். அவர்களுக்குப் பத்தடி பின்னால் அக்கா. மற்றவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அத்தனை பேரை முந்தியும் ஒருவனும் அவளைக் கண்டுபிடிக்கவில்லை. பின்தங்கியவர்கள் முதுகைத்தானே பார்த்திருப்பார்கள்; எதிரே வந்தவர்களுக்குத் தொப்பி முகத்தை மறைத்திருக்கும். அவள் முகம் வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது. வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. குவியலருகே வந்ததும் அவள் நிற்காமல் நாலடி தாண்டிப் போய்விட்டாள். நான், "அக்கா!" என்றேன். நின்றாள். அந்த இருவரும் திடல் பக்கம் போவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

சட்டை வந்தது, தொப்பி வந்தது, பச்சை வளையம் அவள் கையிலிருந்து என் கைக்கு வந்தது. சப்பாத்து மட்டும் வரவில்லை. மண்ணில் முட்டிபோட்டுக்கொண்டு காகிதத்தைத் திரும்பத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்க்கா! ஆளு வருது!"

"சும்மா இரு. இது இல்லாம ஓடுனா விழுந்துருவ."

விழவில்லை. மட்டைக் குவியலிலிருந்து திடல் வரை ஓடினேன். மூன்றாவதாக வந்தேன். அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, மூச்சே வாங்கல என் மகனுக்கு!" என்று கூட்டாளிகளிடம் சொன்னார். அதில் மட்டும் அவர் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

பின்னால் அக்கா வெறும் போத்தலோடு நடந்து வந்தாள். முகமெல்லாம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? சும்மா நின்னதுக்கா இப்பிடி வேர்க்குது? ஒடம்புல தெம்பே இல்ல ஒனக்கு" என்றார் அப்பா. பிறகு என் காலைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இவ ஓடுனப்போ நாலாவதுதான். ஆம்பளப் புள்ள ஆம்பளப் புள்ளதான்."

நான் மேலேயிருந்து சிரித்தேன். அக்காவும் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். அவள் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதக்கத்தை நம்பி என்னை அடுத்த மாதம் மாவட்ட ஓட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மட்டைக் குவியல் இல்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் வெகுநேரம் என்னோடு பேசிக்கொண்டே வந்து, கடைசியில் ஏற்றிக்கொண்டது. வெயில் அதிகம் என்றார் அப்பா. என் ஓட்டம் அத்தோடு முடிந்தது. சப்பாத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு அப்போதும் அது சரியாக இருந்திருக்கும்.

பதக்கம் இன்னும் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே தொங்குகிறது. போன தீபாவளிக்கு அக்காவின் மகள் அதைக் காட்டி, "மாமா பெரிய ரன்னரா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆமா, மூணாவது வந்தாரு." பிறகு என் பக்கம் தட்டைத் தள்ளி, "முறுக்கு எடுத்துக்க" என்றாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவன் நான்தான். முறுக்கை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அந்தக் காகிதத்தைத் திணிக்க அவளுக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஓடிய களைப்பு என்றே நினைத்தேன். குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. அவள் கால் சூடு ஆறாத சப்பாத்துக்குள் என் காலை நுழைத்துக்கொண்டு, "இவ்வளவு மெதுவா செய்றியேக்கா" என்று அவளைத் திட்டிவிட்டுத்தான் ஓடினேன்.