மூடிய பிளவு

சகலை கன்றின் இலையை என் பக்கம் திருப்பிய கணமே அதன் தந்தை எந்தச் செடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கரும்பச்சை, வெல்வெட் மென்மை, வெள்ளி நரம்பு எல்லாம் தாயிடமிருந்து வந்திருந்தன. ஆனால் காம்பு சேருமிடத்தில் இதயம்போல் விரிய வேண்டிய பிளவு ஏறக்குறைய மூடியிருந்தது. தாய்க்கும், அவர் தேர்ந்தெடுத்த தந்தைக்கும் அது அகலமான பிளவு.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். ஆனையூர் வீட்டு மாடியில் பச்சை வலைக்கடியில், ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு ஆந்தூரியம் என்ற அழகுச் செடியை வளர்த்து, இனம் கலந்து புதுக் கன்றுகள் எடுப்பவர். தாய்ச்செடியை அவருக்குத் தந்தவர் பசுமலை டீச்சர். இருவரும் பல வருடங்களாகச் செடி மாற்றிக்கொண்டவர்கள்.

"டீச்சர் கலப்புச் செடியக் குடுத்து ஏமாத்திப்புட்டாங்கண்ணே. உள்ள எதோ ஒளிஞ்சிருக்கு" என்றார்.

நான் கல்லூரியில் மரபியல் கற்பித்தவன். "இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல் என் இரண்டாவது குற்றம். முதல் குற்றம் அந்தக் கன்று விதையாவதற்கு முன்பே நடந்திருந்தது. ஆந்தூரியப் பூவின் நடுத்தண்டு முதலில் பசைபோல் கசியும். அப்போது மகரந்தம் தடவினால்தான் விதை பிடிக்கும். அதன் சொந்த மகரந்தம் சில நாள் கழித்தே வரும். அதனால் வேறு செடியின் மகரந்தத்தைக் குளிர்பெட்டியில் சேமிப்பார்கள். மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போன சகலை, மகரந்தம் தடவும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். மகரந்த டப்பாவை வெளியே எடுத்த நான், இரண்டு நாள் மாடி மேசையிலேயே மறந்துவிட்டேன். வெயிலில் அது பாழாகிவிட்டது. பக்கத்திலேயே, பிளவே இல்லாத இலைகொண்ட செடியொன்று மகரந்தம் உதிர்த்துக்கொண்டிருந்தது. அதைத் தடவினேன். லேபிளில் மட்டும் அவர் சொன்ன தந்தையின் பெயரையே எழுதினேன். வாத்தியார் மறந்துவிட்டார் என்று யாரும் சொல்லக் கூடாதாம். வாத்தியார் எழுதியது என்பதாலேயே அந்த லேபிளைச் சகலை சந்தேகிக்கவில்லை. டீச்சரைச் சந்தேகித்தார். செடி வளர்ப்போர் வாட்ஸப் குழுவில் எழுதியும்விட்டார். டீச்சர் குழுவிலிருந்து விலகினார்.

மூன்று வருடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு காலையில் சகலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இம்புட்டு நாளா சொல்லலையேண்ணே! அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

"முதல்ல நான் முழிக்கிறேன் சகலை. வண்டிய எடுங்க."

பசுமலை வீட்டில் டீச்சர் நான் சொன்னதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்து போய், தண்ணீர்த் தொட்டியோரம் வெயிலில் கிடந்த ஒரு செடியைத் தூக்கிவந்து நிழலில் வைத்தார். சகலைக்குத் தந்த தாய்ச்செடியின் உடன்பிறப்பு அது. எங்கள் பேச்சைக் கேட்டு, அதுவும் கலப்புதான் என்று தன் செடியையே அவர் ஒதுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

"ஏன் சார், மூணு வருசமா பேப்பரக் கையில வச்சுக்கிட்டு மார்க் போடாமயா இருந்தீங்க?"

"தப்புதாம்மா."

சகலை கை கூப்பினார். அவரிடம் "உங்களுக்கு அப்பறமா இருக்கு" என்ற டீச்சர், அந்தச் செடியின் இலையைத் துடைத்தபடி, "அந்தக் கன்னுல நரம்பு எம்புட்டு வெள்ளையா வந்திருக்கு?" என்றார்.

"தாயவிடப் பளீர்னு இருக்கு டீச்சர்!"

"அப்ப அதத் தாயோடயே திருப்பிச் சேத்துப் பாக்கணும்."

"வேணாம், இந்தத் தங்கச்சிச் செடியோட சேப்போம்."

"ஒண்ணும் தெரியாமப் பேசாதீங்க."

இருவரும் செடிகளுக்கிடையே குனிந்து சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தந்திருந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். மூன்று வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.