திங்கட்கிழமைக் கறி

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் தின்று மிஞ்சிய கறியை, திங்கட்கிழமை பல் முளைத்தும் முளைக்காததுமான வாய்களுக்கு ஏற்றதாக மாற்றுவது என் தொழிலில் ஒரு பாதி. மீதிப் பாதி, அதைத் தரையிலிருந்து துடைத்தெடுப்பது.

பொன்மலையில் ஒரு டே கேரின் சமையலறை என் பொறுப்பு. வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் பிள்ளையோடு ஒரு டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். டப்பாவில் உள்ளதைப் பிள்ளை தின்னும்படி செய்து கொடுக்க வேண்டும். ஊட்டப் போய்ப் பாதியைச் சட்டையிலும் மீதியைக் கண்ணாடியிலும் வாங்கியவர்கள் நீங்கள் என்றால் இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்காது.

நெஞ்சுக்கறி

கோழி மிஞ்சுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தொடை மிஞ்சுவதே இல்லை. இறக்கையும் மிஞ்சாது. கடையில் வாங்கிய கிரில் ஆனாலும் வீட்டில் வறுத்தது ஆனாலும் டப்பாவில் வருவது நெஞ்சுப் பகுதிதான். உலர்ந்து, நார் நாராக, பெரியவர்களையே தண்ணீர் கேட்க வைக்கும் துண்டு. வீட்டில் மெல்லுவதற்கு மிகக் கடினமானது எதுவோ அது பல் இல்லாதவருக்கு என்று எப்படி முடிவாகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தோலையும் மசாலா ஏறிய மேல்பகுதியையும் சீவி எறிந்துவிட்டு, உள்கறியை வெந்நீரில் அலசுவேன். நாருக்குக் குறுக்கே பொடியாக அரிந்து, கஞ்சித் தண்ணீரோ பருப்புத் தண்ணீரோ விட்டு ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறியதும் மிக்ஸியில் அரைப்பேன். ஒரு முறைதான் சூடு. பிள்ளை மிச்சம் வைத்தால் அது குப்பைக்கு. அலசிய தண்ணீர் எப்போதும் செங்கல் நிறத்தில்தான் ஓடும்.

பள்ளி ஆசிரியை ஒருவர் ஞாயிறு பூசை முடிந்து வீட்டில் செய்த பீஃப் ரோஸ்டைக் கொண்டுவருவார். பையனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. கறியின் மேல் மிளகு கறுப்பாகப் பொரிந்து ஒட்டியிருந்தது. பிள்ளைக்கு என்று ஒரு துண்டைக் காரம் போடாமல் முதலிலேயே எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் தெரிந்தது.

"எங்க வீட்ல காரமே சேக்க மாட்டோங்க. வெறும் மிளகுதான்."

பிசிறு

அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் லூர்து, மகள் இனியாவைக் கொண்டுவந்து விடத் தொடங்கியபோது அவளுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. மனைவி ஸ்டெல்லா குவைத்தில் நர்ஸ். பிள்ளை உட்காரப் பழகியதும் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். லூர்துக்குச் சோறு வடிக்கத் தெரியும், முட்டை பொரிக்கத் தெரியும். ஞாயிறு மாலை அரை கிரில் கோழி வாங்கி, தொடையைத் தான் தின்றுவிட்டு, நெஞ்சை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை என்னிடம் கொண்டுவருவார்.

இனியா என் கஞ்சியைத் துப்பினாள். அரைத்த கறியை வாய்க்குள் விட்டால் நாக்காலேயே வெளியே தள்ளினாள். வீட்டிலும் அப்படித்தான் என்றார் லூர்து. நார் தட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டு, அவர் வீட்டில் அரைத்ததை டீ வடிகட்டியில் தேய்த்து எடுத்திருக்கிறார். அதுவும் போகவில்லை என்று வேட்டித் துணியில் வடிகட்டியிருக்கிறார். இரும்பைக் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுப்பவர். நான் அரைத்ததைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அக்கா, இன்னும் லேசா பிசிறு தட்டுதுக்கா."

மறுபடியும் அரைத்தேன். தோசை மாவு அதற்கு முன்னால் கரடுமுரடு என்று சொல்லலாம். இனியா அதையும் துப்பினாள்.

தொட்டியம்

டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, எடை மட்டும் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஸ்டெல்லா தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வருவார். அங்கிருந்து அவர் பார்ப்பதெல்லாம் ஒரு ஸ்பூன், மூடிய ஒரு வாய், கன்னத்தில் வழியும் கஞ்சி. தொட்டியத்தில் அவருடைய அக்கா இருக்கிறார். பிள்ளையைத் தான் வளர்த்துத் தருவதாக அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது எடை ஏறியிருக்காவிட்டால் இனியாவை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று ஸ்டெல்லா முடிவு செய்திருந்தார்.

இதையெல்லாம் லூர்து சமையலறை வாசலில் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றாமல் சொன்னார். அக்கா வீட்டில் வாழைத்தோப்பு இருக்கிறது, மாடு இருக்கிறது, நாள் முழுக்க ஆள் இருக்கிறார்கள், உங்களிடம் என்ன இருக்கிறது என்று ஸ்டெல்லா கேட்டாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன்.

"லேத் இருக்குன்னு சொன்னேங்க்கா."

கேரட்

எங்கள் குட்டை மேசையில் ஒரு முனை சைவம், மறு முனை அசைவம். மிக்ஸி ஜாரும் தனித்தனி, கத்தியும் தனித்தனி. இதில் தவறு நேர்ந்ததில்லை. ஆனால் நடக்கப் பழகும் பிள்ளைக்கு மேசையின் முனை எது என்று யாரும் சொல்லித்தர முடியாது.

சைவ முனையில் கேசவ். அவன் அம்மா ரஞ்சனி ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கல்லூரி விரிவுரையாளர். அவனுக்கு எதையும் அரைத்துக் கொண்டுவர மாட்டார். கேரட்டைக் குழைய வேகவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்திருப்பார். ஒரு நாள் இனியா கஞ்சி வழியும் வாயோடு மேசையைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்து போய், கேசவின் கையிலிருந்த கேரட்டைப் பிடுங்கி, கடித்து, மென்று, விழுங்கினாள். பிறகு அவன் டப்பாவுக்குள் கையை விட்டாள். கேசவ் அழவில்லை. நானும் அசையவில்லை. அவள் தின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ரஞ்சனியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். அன்றைக்கு இனியாவுக்கு ஊட்டியது கோழி. அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொழந்தை சாப்ட்டதுல சந்தோஷம்தான். கையை அலம்பிட்டு டப்பாவைத் தொட்டாளா, தொட்டப்பறம் அலம்பினேளா, அதை மட்டும் சொல்லுங்கோ."

தொடைக்கு அடியில்

அடுத்த திங்கட்கிழமை லூர்தை மதியம் வரச் சொன்னேன். நெஞ்சுக்கறியை அலசி, கஞ்சித் தண்ணீரில் விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை வேகவிட்டு, அரைக்காமல், நீளமாகக் கிழித்து இனியாவின் தட்டில் வைத்தேன். பிசிறு என்றால் அதுதான் பிசிறு. லூர்து தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிக்ஸியைப் பார்த்தார். இவளை நேராக உட்கார வைத்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் கையால் எதையும் செய்யக் கூடாது என்று சொன்னேன். அவருக்கு அது புரிந்தது. முடியுமா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

இனியா ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள், சப்பினாள், தரையில் போட்டாள். அடுத்ததை மென்றாள். நடுவில் ஒரு தடவை ஓங்கரித்தாள். லூர்தின் தோள் எழுந்துவிட்டது. அவள் கண்ணில் நீரோடு துண்டைத் தானே முன்னால் தள்ளி, வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடியும் வாயில் வைத்தாள். தோள் மெதுவாகத் தாழ்ந்தது. தட்டு பாதிக்கு மேல் காலியானது. அவர் கைகளை வெளியே எடுத்தபோது பெஞ்சின் வரி உள்ளங்கையில் பதிந்திருந்தது.

"லேத்துல மாட்டுன இரும்பு சுத்தும்போது கையை வெக்கக் கூடாதுங்க்கா. அது மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்."

லீவு

ஸ்டெல்லா ஊருக்கு வந்ததும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லூர்தோடு வந்தார். போனில் பார்த்த முகம் முழு உடம்போடு வந்ததில் இனியாவுக்குக் கொஞ்சம் குழப்பம். எடை ஏறியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டெல்லாவுக்கு அது காதில் ஏறியிருந்தது, கண்ணில் ஏறவில்லை. தட்டில் கிழித்து வைத்த கறியைப் பார்த்ததும் முகம் மாறியது. ஒரு வயசுப் பிள்ளைக்கு யாராவது இப்படிக் கொடுப்பார்களா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே, அதை ஸ்பூனால் மசித்து, சோற்றோடு பிசைந்து, மகளின் வாயருகே கொண்டுபோனார்.

வாய் மூடிக்கொண்டது. இன்னொரு தடவை. கன்னத்தில் வழிந்தது. ஸ்டெல்லா மறுபடியும் ஸ்பூனை நிரப்பினார். லூர்து ஸ்பூனை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, வேறு தட்டில் புதிதாக நான்கைந்து துண்டு வைத்து மகளின் முன்னால் தள்ளினார். பிறகு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கப்பட்டவர் போல, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இனியா எடுத்தாள். சப்பினாள். மென்றாள். ஓங்கரித்தபோது ஸ்டெல்லா பாய்ந்து எழப் போனார். லூர்து தலையை மட்டும் ஆட்டினார். பிள்ளை விழுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

தட்டு காலியாகும்வரை ஸ்டெல்லா அசையவில்லை. பிறகு வெளியே போய் வாசலில் நின்று தொட்டியத்துக்குப் போன் செய்தார். நான் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருப்பார்.

"அக்கா, சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறது உனக்கும் வராது, எனக்கும் வராது. இவருக்கு வருது. புள்ள இங்கயே இருக்கட்டும்."

மிக்ஸியை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எந்த மிக்ஸியும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை; பிள்ளைகள்தான் சொல்கிறார்கள், அதுவும் துப்பித்தான்.