மருதம்மாள் சுமந்த செங்கல்

செமிலிங் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தில், மருதம்மாள் அக்கா பால் வெட்டும் மர நிரையில் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. பழைய செங்கல் மேடை ஒன்றின் மேல் அது நிற்கிறது. தோட்டத்துக் கட்டடங்களில் அப்படிச் செங்கல் கிடையாது, அகலம், தட்டை. பள்ளிப் பாடத்தில் வரும் கடாரம் என்ற பெரிய நகரம் இந்த ரப்பர் மரங்களுக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது என்கிறார்கள். கப்பல்கள் வந்துபோன ஊராம். அக்காவுக்கு அது முனி உட்கார்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான்.

மகன் பரஞ்சோதிக்குக் காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் பொங்கல் படைப்பதாக அங்கே நேர்ந்துகொண்டார். பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குள் வெள்ளைக்காரர்களின் அவசரகாலச் சட்டம் வந்து, நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். காட்டில் ஒளிந்து அவர்களோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்ச் சேருமென்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடுவதில்லை. அக்கா தினமும் வெறுங்கையோடு முனியைக் கடந்து போய்வந்தார். போன மாதம் பையனுக்கு மறுபடியும் காய்ச்சல்.

மறுநாளே தலைத்துண்டில் அரிசியை முடிந்துகொண்டு கிளம்பினார். கேட்டில் காவலுக்கு நிற்கும் அழகேசன் எங்கள் லயத்துக்காரன்தான். துண்டை அவிழ்க்கச் சொன்னான்.

“சாமிக்குடா, தம்பி.”

“சோறு சோறுதான்லா, அக்கா. ஒங்க முனி யாருக்குப் பங்கு வைப்பாருன்னு தொரை கேப்பாரு. வேற ஆளு பாத்திருந்தா நேரா ஜெயிலு.”

அரிசியை வீட்டில் வைத்துவிட்டு வெட்டப் போனார். திரும்பும்போது வாளி கனத்தது.

“என்னக்கா இது?”

“செங்கல்லு. முனி காலடியில இருந்தது. இதையும் வேகவச்சுத் தின்பானுங்களா?”

அழகேசன் சிரித்துவிட்டு உள்ளே விட்டான்.

அன்று மாலை வேலியோரம் செங்கலை நட்டு, மஞ்சள் பூசி, பொங்கல் பொங்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். பரஞ்சோதி இரண்டு வாய் தின்றான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

ஆனால் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. “காடு மேடெல்லாம் சுத்துற சாமிய கம்பிக்குள்ள அடச்சிட்டேனே” என்று புலம்பினார். பிறகு ஒரு காலையில் செங்கலை வாளியில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

அழகேசன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. புதிய அதிகாரி ஒருவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“வேணாங்க்கா. வெளிய எது போனாலும் பெர்மிட் கேக்குறாங்க.”

“கல்லுக்குமாடா?”

“கல்லுக்குந்தான்.”

அக்கா செங்கலை வேலியோரத்திலேயே திரும்ப வைத்தார். பின்பு வெறும் வாளியோடு வெட்டப் போனார்.